கவ்வி

லேத் பட்டறையில் வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் கருவியைச் ‘சக்’ என்பார்கள்; அதைத் தமிழில் ‘கவ்வி’ என்பதே சரி. ஆங்கிலச் சொல், மரக்கட்டையைக் குறித்த ‘சாக்’ என்பதன் திரிபு. அது கட்டையைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. கவ்வுதலோ வாயின் தொழில். அதனால்தான் ‘தாடை’ என்ற உறுப்புப் பெயரும் இதோடு இயல்பாக ஒட்டிக்கொள்கிறது. காந்த சக்குக்குத் தாடை ஏது என்று கேட்கலாம். அது கவ்வுவதில்லை, ஈர்த்து வைக்கிறது; ‘காந்தப் பிடிப்பி’ என்றால் போயிற்று. ஒரு விலக்குக்காக நல்ல சொல்லைக் கைவிட வேண்டியதில்லை.

சொல்லைவிட அதன்முன் நிற்கும் எண்தான் அதிகம் ஏமாற்றுகிறது. ‘200 மி.மீ. சக்’ என்றால் உடலின் வெளிவிட்டம் 200. கவ்வும் தண்டின் விட்டம் அல்ல. தாடைகள் உடலுக்கு வெளியே வெகுவாக நீளும்படி பிடித்தால், உள்ளேயிருக்கும் சுருள்தட்டில் அவற்றின் பற்கள் ஒன்றிரண்டே பற்றியிருக்கும். ஓட்டத்தில் தாடை தெறிக்கக்கூடும். அப்படியானால் பெரிதாகவே வாங்கிவிடலாமே? கூடாது. எடை ஏறி ஸ்பிண்டில் பேரிங்குக்குச் சுமை கூடும், ஓட்டக்கூடிய வேகமும் குறையும். வகையிலும் இதே கதைதான்: வேலைக்கு ஏற்றதே சரி. மூன்று தாடைகளும் ஒன்றாக நகரும் கவ்வி உருளைக்கும் அறுகோணத்துக்கும் விரைவானது. ஒழுங்கற்ற வார்ப்புக்கும், டயல் கேஜ் வைத்து 0.01 மி.மீ. வரை மையம் பார்க்கும் வேலைக்கும் தாடைகள் தனித்தனியே நகரும் நான்கு தாடைக் கவ்வியே வேண்டும். எதை வாங்கினாலும், அதற்குக் குறித்திருக்கும் உச்ச வேகத்தை முதலில் படியுங்கள்.