செமிகோலன் என்று உச்சரிக்கப்படும் தமிழ்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டில் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, எங்கள் தெருக்காரர். பார்வை கிடையாது, அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்க இயர்போனை என்னிடம் நீட்டி, "தம்பி, இது என்னா பாஷைன்னு சொல்லு" என்றார். விரலால் எழுத்தெழுத்தாக நகர்த்தினார். ஆங்கில எழுத்துகளாகப் போன் வாசித்தது: ஜே, கே, பி, ஓ, செமிகோலன்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அது 'தமிழ்' என்கிற சொல். பாமினி எழுத்துருவில் ஜே அடித்தால் த, கே அடித்தால் ம, பி இகரக் கொம்பு, ஓ ழகரம், செமிகோலன்தான் புள்ளி. கல்லூரி லீவில் திண்டிவனத்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் நானே இப்படித்தான் அடித்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, தேர்வுக் கையேடு எல்லாம். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தது, உள்ளே இருந்தது வெறும் ஆங்கில எழுத்து. அந்தப் பொய் அன்று யாரையும் உறுத்தவில்லை, ஏனென்றால் எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் கண் தெரிந்தது.

இத்தனைக்கும் பார்வையற்றோருக்கான எழுத்தில் இந்தக் குழப்பம் எப்போதோ தீர்ந்த விஷயம். வட்டாரத்துக்கு ஒன்றாக இருந்த பிரெய்ல் முறைகளுக்குப் பதிலாக 1951இல் பாரதி பிரெய்ல் வந்தது. தமிழானாலும் இந்தியானாலும் 'க'வுக்கு ஒரே புள்ளிகள். அதில் 'கொ' என்பது முதலில் க, பிறகு ஒ. அதாவது காது கேட்கிற வரிசை. 1988இன் இஸ்கியும், அதை ஒட்டி 1991இல் வந்த யுனிகோடும் மெய் முதலில், உயிர்க்குறி பின்னால் என்ற அதே வரிசையைத்தான் வைத்தன. பாமினியில் ஒற்றைக்கொம்பு முதலில், அப்புறம் க, அப்புறம் கால். இது கண் பார்க்கிற வரிசை, பழைய டைப்ரைட்டரின் வரிசை.

1990களில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. 1999 சென்னை மாநாடு டாம், டாப் என்று இரண்டு தரங்களைத் தந்தது. 2010இல் தமிழக அரசு யுனிகோடை ஏற்றது. டி.டி.பி. சென்டர்கள் அதற்குப் பிறகும் பாமினியை விடவில்லை. பிரஸ்ஸில் ஓடுகிற மென்பொருள் பலவற்றுக்கு யுனிகோடு தமிழ் ஒத்துவரவில்லை என்பது நியாயமான காரணம்தான்.

கருவிகள் அதற்குள் வெகுதூரம் போய்விட்டன. 2006இல் பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானை இலவசமாகத் தர ஆரம்பித்தார்கள். 2009இல் ஐபோன் 3ஜிஎஸ்ஸில் வாய்ஸ் ஓவர், அதே வருஷம் ஆண்ட்ராய்டில் டாக்பேக். பட்டனே இல்லாத கண்ணாடித் தகடு பார்வையற்றவருக்கு உதவாது என்றுதான் பலரும் நினைத்தார்கள். விரல் பட்ட இடத்தைப் பேசிக் காட்டி, இருமுறை தட்டினால் திறக்கிற மாதிரி செய்தபின் அதே தகடு வாசலாயிற்று. அண்ணன் என்னைவிட வேகமாகப் போனை ஓட்டுவார். ஆனால் எவ்வளவு நல்ல குரலாக இருந்தாலும், செமிகோலனைக் கொடுத்தால் செமிகோலனைத்தான் படிக்கும்.

அந்த வார இறுதியில் ஒரு மாற்றி எழுதினேன். எழுத்தை எழுத்தாக மாற்றுவது பத்து நிமிஷ வேலை. கொம்புகளைப் பிடித்து மெய்க்குப் பின்னால் தள்ளுவதற்குத்தான் இரண்டு நாள் ஆனது. கையேடு பேசியது. "இப்பத்தான் மனுசன் மாதிரி பேசுது" என்றார்.

அடுத்து அவர் அனுப்பிய கோப்பில் எழுத்தே இல்லை. யாரோ செல்போனில் பிடித்த பக்கங்கள். ஓ.சி.ஆர். போட்டால் முக்கால்வாசி வந்துவிடுகிறது, அட்டவணையில் உள்ள வருஷங்கள் மட்டும் இடம் மாறி விழுகின்றன. தேர்வில் கேட்பது வருஷத்தைத்தான்.

"நாளைக்குப் பரீட்சைண்ணே, இப்ப எப்படி?"

"நீ படி தம்பி, நான் கேக்குறேன்."

பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டியிருந்தது. முதல் அட்டவணையிலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன்.