சான்று வந்த பின்னும் சாகாத வதந்தி: ஹார்ப்பர் லீயின் நாவலை வகுப்பறையில் வாசித்தல்

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960) நாவலில் வரும் வதந்திகளை, ஆதாரம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் பாடமாகவே பல வகுப்புகளில் நடத்துகிறோம். அது தேவைதான், ஆனால் போதாது. சான்று வந்த பிறகும் வதந்தி ஏன் நிலைக்கிறது என்பதே இந்நாவல் எழுப்பும் கடினமான கேள்வி. மாணவர்களை அதுவரை அழைத்துச் செல்ல வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கப் பயிற்சி எளியது. வீட்டைவிட்டு வெளியே வராத பூ ராட்லியைப் பற்றிய ஒவ்வொரு பேச்சையும் மாணவர்கள் பட்டியலிடட்டும்: சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும், கதை பின்னால் காட்டுவது என்ன? தந்தையின் காலில் கத்தரிக்கோலைக் குத்தினான் என்ற கதை அண்டை வீட்டு ஸ்டெஃபனி கிராஃபர்டின் வாய்வழியே சிறுவன் ஜெம்முக்கு வருகிறது. பச்சை அணில் தின்பவன் என்பதை ஜெம் தானே விரித்துரைக்கிறான். குழந்தைகளுக்காகப் பூ மரப்பொந்தில் வைத்த சூயிங்கமும் சோப்புப் பொம்மைகளும் வேறொரு மனிதனைக் காட்டுகின்றன. இன்னொரு அண்டை வீட்டுக்காரரான மோடி அத்தகைய பேச்சுகளை மறுப்பவர். ஆனால் அவரும் அவற்றில் முக்கால் பங்கைக் கறுப்பின மக்கள்மேல் போடுகிறார். கதையில் அவற்றைப் பரப்புபவராக நாம் காண்பதோ வெள்ளையரான ஸ்டெஃபனியை. நியாயமானவர் என்று நாம் நம்பும் பாத்திரத்தையும் கேள்விக்கு உட்படுத்த இந்த இடம் மாணவர்களைப் பழக்கும்.

அடுத்த கட்டம் முக்கியமானது. கதை நடக்கும் ஊரான மேகோமில் கோழிகளும் வளர்ப்புப் பிராணிகளும் கொல்லப்பட்டபோது ஊர் ராட்லி வீட்டைச் சந்தேகித்தது. உண்மையான குற்றவாளி ஆடி என்பவன் எனத் தெரிந்த பிறகும் அந்தச் சந்தேகம் அகலவில்லை. முதல் அத்தியாயத்தின் இந்தச் சிறு செய்தியை நீதிமன்றக் காட்சியோடு சேர்த்து வாசிக்கச் சொல்ல வேண்டும். வெள்ளைப் பெண் மேயெல்லாவை வன்புணர்ந்ததாகக் கறுப்பினரான டாம் ராபின்சன் மீது வழக்கு. மேயெல்லாவின் முகத்தில் வலப்பக்கம் காயம். அவள் தந்தை பாப் யூவெல் இடக்கைக்காரர். டாமின் இடக்கை பஞ்சு அரைவை இயந்திரத்தில் சிக்கிப் பயனற்றுப்போனது. டாமின் வழக்கறிஞர் அட்டிகஸ் இவற்றையெல்லாம் அவையோர் கண்முன் நிறுவியும் நடுவர் குழு டாமைக் குற்றவாளி என்கிறது.

இரண்டையும் ஒன்றெனச் சொல்லிவிடக் கூடாது. பூவைப் பற்றிய பேச்சு அவரைத் தனிமைப்படுத்துகிறது. டாமைப் பற்றிய பொய் அவரது உயிரைப் பறிக்கிறது. இந்த வேறுபாடு, 1930களின் அலபாமாவில் சட்டமும் நடுவர் குழுவும் வெள்ளையர் கையில் இருந்ததால் வந்தது. 1931இல் ஸ்காட்ஸ்பரோ வழக்கில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் இரு வெள்ளைப் பெண்களின் பொய்க் குற்றச்சாட்டில் கைதானதும் அங்கேதான். அதனால் மாணவர்கள் கேட்க வேண்டியது 'இது உண்மையா?' என்று மட்டுமன்று. 'இதை நம்புவது யாருக்குத் தேவைப்படுகிறது?' என்பதும்தான். நாவலில் வெள்ளையரான டால்ஃபஸ் ரேமண்ட் காகிதப் பையில் கொக்கோ கோலாவை மறைத்து, மதுபோலக் குடிப்பதும் இந்தத் தேவையை அறிந்துதான். அவர் கறுப்பினப் பெண்ணோடு வாழ்வதற்குக் குடிப்பழக்கத்தை ஊர் காரணமாக்கிக்கொள்கிறது.

இறுதியில், குழந்தைகளைத் தாக்கிய யூவெலைப் பூ கொன்றுவிட, ஷெரிஃப் டேட், யூவெல் தன் கத்தியின் மீதே விழுந்து இறந்ததாகக் கதை கட்டுகிறார். பூவை ஊரின் பார்வையிலிருந்து காப்பது அவர் நோக்கம். நல்ல நோக்கமுள்ள பொய்யையும் அதே கேள்வியால் சோதிக்கச் சொன்னால், மாணவர்களிடையே கருத்து மோதும். ஆசிரியர் தீர்ப்பு வழங்காமல் அந்த விவாதத்தைத் தொடரவிட வேண்டும். ஊரின் பேச்சை எடைபோடும் பொறுப்பு அப்போதுதான் மாணவர்களுக்குச் சொந்தமாகும்.