வேலுத்தம்பி: தானே கூப்பிட்ட யானை

குளச்சல் என்றால் நமக்கெல்லாம் 1741தான். மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த கடற்கரை. அந்த வெற்றித்தூணில் முடிகிற கதையைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். அதே கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, தலக்குளத்தில் பிறந்த ஒருவரின் கதையை அந்த அளவுக்குப் பேசுவதில்லை. பேசினாலும் தியாகி என்று மாலை போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

வேலாயுதன் செம்பகராமன் தம்பி. ஊர் அறிந்த பெயர் வேலுத்தம்பி தளவாய்.

1798-ல் திருவிதாங்கூர் அரியணை ஏறிய பாலராம வர்மா வயதில் சின்னவர், பிடிமானம் இல்லாதவர். ஜெயந்தன் நம்பூதிரி, சங்கரநாராயண செட்டி, மாத்துத் தரகன் ஆகிய மூவரும் அரசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, சர்க்கார் கஜானாவை நிரப்பச் சொல்லி ஊர்ஊராகப் பணம் கேட்டார்கள். 1799-ல் ஆட்களைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்கே போய்விட்டார் தம்பி. நம்பூதிரி நாடு கடத்தப்பட்டார். மற்ற இருவரின் காதுகள் அறுக்கப்பட்டன. சனங்களுக்குப் பெரிய நிம்மதி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கேட்டது நியாயம், கிடைத்ததும் நியாயம். ஆனால் அந்த மனிதருக்கு அன்று ஒரு பாடம் மனதில் பதிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்: பயம் காட்டினால் காரியம் நடக்கும்.

தளவாய் ஆனபிறகு அவர் நிர்வாகத்தில் கெட்டிக்காரர்தான், சந்தேகமே இல்லை. வரிக்கணக்கை ஒழுங்குபடுத்தினார், லஞ்சம் வாங்கியவர்களை விடவில்லை, சங்ஙனாச்சேரியில் சந்தை வைத்தார். ஆனால் தப்பு செய்தவனுக்கு அவர் கொடுத்த தண்டனை, தப்பைவிடப் பலமடங்கு பெரிதாக இருந்தது. பக்கத்தில் நின்று 'போதும்' என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

1804-ல் படிப்பணத்தைக் குறைத்தார் என்று நாயர் படை கொந்தளித்தது. தளவாயை நீக்கு என்றார்கள். வேலுத்தம்பி கொச்சிக்கு ஓடி, கம்பெனியின் ரெசிடென்ட் கர்னல் மெக்காலேயின் உதவியைக் கேட்டார். கம்பெனி பலத்தோடு திரும்பிவந்து கலகத்தை நசுக்கினார். தலைவர்களில் ஒருவனின் கால்களை இரண்டு யானைகளில் கட்டி எதிரெதிர்த் திசைகளில் ஓட்டிக் கிழித்தார்கள்.

வீட்டுச் சண்டையைத் தீர்க்க அடுத்த வீட்டுக்காரனைக் கூப்பிட்டால் அவன் சும்மா போவானா? 1805 ஜனவரியில் புதிய உடன்படிக்கை. கம்பெனிக்குச் செலுத்தும் தொகை ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாயானது, அதாவது முன்பிருந்ததைப் போல இரண்டு மடங்கு. நாட்டு நிர்வாகத்தில் கம்பெனியின் ஆலோசனையைக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. இதற்குத் துணைநின்றவர் வேலுத்தம்பியேதான்.

பணம் பாக்கி விழுந்தது. மெக்காலே நெருக்கினார். நேற்றைய நண்பர் இன்று கடன் வசூலிக்கிறவர். அப்போதுதான் தளவாய்க்கு விளங்கியது, தன் ஆட்களை அடிக்கத் தான் எடுத்துக் கொடுத்த கம்பு எப்போதும் தன் கையிலேயே இருக்காது என்று. அவர் திரும்பி நின்றார். அந்தத் திரும்பலில் துணிவு உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் அதிலும் பழைய கோபமே முன்னால் ஓடியது. 1808 டிசம்பரில் கொச்சியின் பாலியத்து அச்சனோடு சேர்ந்து ரெசிடென்டின் மாளிகையைத் தாக்கினார்கள், மெக்காலே தப்பிவிட்டார். பிடிபட்ட வெள்ளைக்காரர்கள் கொல்லப்பட்டார்கள். சமாதானத்துக்கு இருந்த கொஞ்சநஞ்ச வழியும் அடைந்தது. 1809 ஜனவரி 11-ல் குண்டறையில் விளம்பரம் வெளியிட்டு மக்களைப் போருக்கு அழைத்தார்.

கொல்லத்தில் தோல்வி. பிப்ரவரி 10-ல் ஆரல்வாய்மொழி விழுந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் எதிர்ப்பில்லாமல் கைமாறின. குளச்சலில் பிடிபட்டுப் பின் திருவிதாங்கூரின் தளபதியான டிலனாய் கட்டிய அரண்களும் அவர் பழக்கிய படையும் கொடுத்த பெருமை, 68 ஆண்டுகளில் இப்படிக் கரைந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் தன் படையையே கம்பெனியைக் கொண்டு ஒடுக்கியவருக்கு, இப்போது கம்பெனியை எதிர்க்கப் படையிடம் எவ்வளவு மனது மிஞ்சியிருக்கும்?

அரசரும் கைவிட்டார். சொந்த அரசின் ஆட்களே தேடினார்கள். மண்ணடி பகவதி கோயிலில் சுற்றிவளைக்கப்பட்டபோது உயிரோடு பிடிபடாமல் மாண்டார். உடலைத் திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். தலக்குளத்து வீட்டை இடித்தார்கள். தம்பி பத்மநாபன் தூக்கிலிடப்பட்டார். பிணத்தை அப்படி அவமதித்தது சரியல்ல என்று கவர்னர் ஜெனரல் மின்டோவே கண்டித்தார்.

கம்பெனி எப்படியும் வந்திருக்கும், ஒற்றை மனிதனின் குணத்தில் எல்லாப் பழியையும் போடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். திப்புவுக்கும் கட்டபொம்மனுக்கும் நடந்ததைப் பார்த்தால் திருவிதாங்கூரும் தப்பியிருக்காது. ஆனால் எப்படி விழுந்தார் என்பதில்தான் அவருடைய பங்கு இருக்கிறது. கிரேக்கர்கள் அவலநாயகனின் பிழையை 'ஹமார்ஷியா' என்றார்கள். குறி தவறுதல் என்று அதற்குப் பொருள். கெட்ட எண்ணம் வேண்டியதில்லை, நல்ல அம்பே இலக்கை விட்டு விலகினால் போதும். தம்பியிடம் இருந்த உறுதியும் வேகமும்தான் 1799-ல் நாட்டைக் காத்தன. அவையேதான் 1804-ல் கம்பெனியைக் கூட்டிவந்தன. குணம் ஒன்றேதான், காலம் மாறியபோது அது மாறவில்லை.

அவரைத் தியாகி என்று மட்டும் சொல்லும்போது இந்தப் பாதி மறைந்துவிடுகிறது. அந்தப் பாதியும் தெரிந்தால்தான் மண்ணடியில் அவர் எடுத்த கடைசி முடிவின் கனம் நமக்குப் புரியும்: தன் கணக்கை அன்று அவர் தானே தீர்த்துக்கொண்டார்.