நீரின் வகுப்புகள்: பொது நீச்சல்குள வரலாற்றில் பம்பும் வடிகட்டியும்

ஆய்வுச் சுருக்கம்

பிரித்தானியப் பொது நீச்சல்குளங்களில் நீரின் தூய்மை, குளிப்பவரின் சமூக வகுப்பைப் பொறுத்து நெடுங்காலம் பங்கிடப்பட்டது. பம்பும் வடிகட்டியும் இணைந்த தொடர்சுழற்சி முறை இப்பங்கீட்டின் தொழில்நுட்ப அடிப்படையை அகற்றியது. எனினும் அம்முறை சமத்துவத்தை இலக்காகக் கொண்டு பரவவில்லை; சமத்துவத்திற்கு அது மட்டும் போதுமானதாகவும் இருக்கவில்லை. மான்செஸ்டர் நகரின் விக்டோரியா குளியலகத்தையும் அமெரிக்க நிகழ்வுகள் சிலவற்றையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இதனை நிறுவுகிறது.

முன்னுரை

நீச்சல்குளத்திற்குரிய பம்பையும் வடிகட்டியையும் தேர்ந்தெடுப்பதும் பேணுவதும் இன்று பொறியியல் சார்ந்த செய்திகளாகவே கருதப்படுகின்றன. ஆனால் இக்கருவிகள் வருவதற்கு முன், நீரை எப்போது மாற்றுவது, புது நீரில் முதலில் இறங்குபவர் யார் என்ற வினாக்களுக்குக் கட்டணமும் வகுப்புமே விடையளித்தன. ஆகவே இக்கருவிகளின் வரலாறு சமூக வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

நிரப்பி வடிக்கும் முறை

1832ஆம் ஆண்டுக் காலரா பரவலின்போது லிவர்பூல் நகரில் கிட்டி வில்கின்சன் என்னும் உழைக்கும் பெண் தம் வீட்டுக் கொதிகலனை அண்டை வீட்டாரின் துணிகளை வெளுக்கத் திறந்துவிட்டார். இம்முயற்சியின் தொடர்ச்சியாக 1842இல் அந்நகரில் பொதுச் சலவையகமும் குளியலகமும் இணைந்த கட்டடம் அமைந்தது. 1846ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிகள் இத்தகைய நிலையங்களை அமைக்க வழிசெய்தது. 1878ஆம் ஆண்டுத் திருத்தம் கூரையிட்ட நீச்சல்குளங்களுக்கும் இடமளித்தது.

இக்குளங்கள் பெரும்பாலும் 'நிரப்பி வடிக்கும்' முறையில் இயங்கின. குளத்தை நிரப்பிச் சில நாள்கள் பயன்படுத்தியபின் முழுவதும் வடித்துவிட்டு மீண்டும் நிரப்பினர். நிரப்பிய நாளில் தெளிவாக இருந்த நீர் நாளடைவில் கலங்கியது. ஒரே குளம் உள்ள நிலையங்களில் புது நீருள்ள நாள் 'முதல் வகுப்பு' நாளாயிற்று; அன்று கட்டணம் மிகுதி. நீர் அழுக்கடைய அடையக் கட்டணம் குறைந்தது. உடலில் அழுக்கு மிகுதியாகப் படியும் தொழிலைச் செய்தவர்களே அழுக்கு மிகுந்த நீரைப் பெற்றனர். ஏழைகளின் தூய்மைக்காக இயற்றப்பட்ட சட்டத்தின் நடைமுறை விளைவு இவ்வாறு அமைந்தது.

விக்டோரியா குளியலகம்: மூன்று வாயில்கள், ஒரே நீர்

1906இல் மான்செஸ்டரில் திறக்கப்பட்ட விக்டோரியா குளியலகம் இப்பங்கீட்டைக் கட்டட வடிவிலேயே காட்டுகிறது. முதல் வகுப்பு ஆண்கள், இரண்டாம் வகுப்பு ஆண்கள், பெண்கள் என மூன்று தனி வாயில்கள். மூன்று தனிக் குளங்கள். வளாகத்தின் கிணற்றிலிருந்து இறைத்த நீர் முதலில் முதல் வகுப்பு ஆண்களின் குளத்தை அடைந்தது. அங்குப் பயன்பட்டபின் இரண்டாம் வகுப்பு ஆண்களின் குளத்திற்கும், இறுதியாகப் பெண்களின் குளத்திற்கும் சென்றது.

இங்குக் கருதத்தக்க உண்மை ஒன்றுண்டு. வகுப்பு வேறுபாட்டுடன் பாலின வேறுபாடும் நீரோட்டத்தின் வரிசையில் பதிவாகியுள்ளது. பெண்கள் எவ்வகுப்பினராயினும் நீரின் கடைசி இடமே அவர்களுக்குரியதாயிற்று. வாயிலின் மேல் பொறித்த எழுத்துகள் அறிவித்த படிநிலையைத் தரைக்கு அடியில் சென்ற குழாய்கள் செயற்படுத்தின.

தொடர்சுழற்சி முறை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிமுகமாகி, இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பரவலான தொடர்சுழற்சி முறை, நீரை மாற்றாமல் தூய்மைப்படுத்தியது. பம்பு குளத்து நீரை இழுக்கும். வலைக்கூடை முடியையும் நூலையும் தடுக்கும். படிகாரம் நுண்துகள்களைத் திரட்டும். மூடிய கலத்திலுள்ள மணற்படுகை அவற்றைப் பிடித்துக்கொள்ளும். பின்னர்க் குளோரின் சேர்க்கப்பட்டு நீர் குளத்திற்குத் திரும்பும். பிரித்தானியச் சுகாதார அமைச்சகம் 1929இல் நீச்சல்குள நீரைத் தூய்மைப்படுத்துதல் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது, இது பொதுநலச் சிக்கலாக ஏற்கப்பட்டதைக் காட்டுகிறது.

இம்முறையின் கணக்கு எளிதன்று. குளத்தின் கொள்ளளவுக்குச் சமமான நீர் ஒருமுறை வடிகட்டியைக் கடந்தாலும் எல்லா நீரும் தூய்மையடைவதில்லை. தூய்மையான நீர் கலங்கிய நீருடனேயே கலக்கிறது. 1920களில் கேஜ், பிட்வெல் ஆகியோர் வகுத்த நீர்த்தல் விதியின்படி, ஒரு முழுச்சுழற்சியில் ஏறத்தாழ 63 விழுக்காடும், இரண்டில் 86 விழுக்காடும், மூன்றில் 95 விழுக்காடும் அழுக்கு நீங்கும். குளிப்பவர்களோ இடைவிடாது அழுக்கைச் சேர்க்கின்றனர். எனவே பம்பு இடையறாது இயங்க வேண்டும்.

பம்பின் தேர்வும் இதனாலேயே நுட்பமானது. வடிகட்டியின் பரப்புக்கு மீறிய வேகத்தில் நீரைச் செலுத்தும் பெரிய பம்பு, பிடிபட்ட துகள்களை மணலின் ஊடே தள்ளிவிடும். அழுக்குச் சேரச்சேர மணலின் இடைவெளிகள் அடைபடும். அழுத்தமானி உயர்வைக் காட்டும். அப்போது நீரை எதிர்த்திசையில் செலுத்திப் படுகையைக் கழுவ வேண்டும். நிரப்பி வடிக்கும் முறையில் நீரின் அழுக்கு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. புதிய முறையில் பராமரிப்பின் குறையை முதலில் காண்பவர் பம்பறையில் அழுத்தமானியைப் பார்க்கும் பணியாளரே.

பரவலின் காரணம்

உள்ளாட்சிகளை இம்முறைக்கு ஈர்த்தது சமத்துவ நாட்டமன்று, சிக்கனமே. ஒவ்வொரு முறை குளத்தை வடிக்கும்போதும் நீர் வீணானது. அதனைச் சூடேற்றிய நிலக்கரியும் வீணானது. வடிகட்டி இரண்டையும் காத்தது. திங்கட்கிழமை நீரும் சனிக்கிழமை நீரும் ஒரே தரத்தனவாக ஆனபின், நீரின் புதுமையைக் காட்டி உயர்கட்டணம் பெறுவதற்கு அடிப்படை இல்லாமற்போயிற்று. சமத்துவம் இங்குச் சிக்கனத்தின் துணைவிளைவாகவே வந்தது.

எதிர்ச்சான்று: அமெரிக்கா

தொழில்நுட்பமே சமத்துவத்தைத் தரும் என்று இதிலிருந்து முடிவு செய்தல் தவறாகும். 1910 அளவிலேயே பிரௌன் பல்கலைக்கழகக் குளத்தில் குளோரின் சோதிக்கப்பட்ட நாடு அமெரிக்கா. எனினும், 1931இல் பிட்ஸ்பர்க் நகரின் ஹைலேண்டு பார்க் நீச்சல்குளம் திறக்கப்பட்டபோது கறுப்பினத்தவரிடம் மட்டும் உடல்நலச் சான்றிதழ் கேட்கப்பட்டது. 1964 ஜூன் 18 அன்று புளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகர விடுதி ஒன்றின் குளத்தில் இன ஒதுக்கலை எதிர்த்து இறங்கியவர்கள் இருக்கும்போதே, விடுதி மேலாளர் அமிலத்தை நீரில் ஊற்றினார். குளத்தைத் துலக்கப் பயன்படும் பொருள் அங்கு மனிதரை வெளியேற்றும் கருவியாயிற்று. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம், அனைவரையும் ஒரே குளத்தில் அனுமதிப்பதைவிடப் பொதுக் குளங்களை நடத்துவதையே கைவிட்டது. 1971இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் அதனைச் சட்டவிரோதமன்று என்றது.

இந்நிகழ்வுகளில் மறுக்கப்பட்டது நீரின் தூய்மையன்று. அதனைப் பகிர்ந்துகொள்ளும் உரிமையே. வடிகட்டி நீரிலுள்ள அழுக்கை நீக்கியது. மற்றவர் உடலே அழுக்கு என்னும் எண்ணத்தை நீக்க அதனால் இயலவில்லை.

முடிவுரை

பிரித்தானியாவில் அழுக்கு நீர் என்பது வகுப்புப் பிரிவினைக்குக் கூறப்பட்ட பொருளியல் காரணம். வடிகட்டி அக்காரணத்தை அகற்றியதும் பிரிவினை ஒரு முக்கியப் பிடிமானத்தை இழந்தது. அமெரிக்காவில் அழுக்கு என்பது இனவெறுப்பு அணிந்துகொண்ட போர்வை. நீர் தெளிந்த பின்னும் வெறுப்பு எஞ்சியது. ஒரே கருவி இரு நாடுகளில் இருவேறு விளைவுகளைத் தந்தமைக்கு இவ்வேறுபாடே காரணமாகும். ஆகவே பொதுக் குளமொன்றின் தூய்மையை மதிப்பிடுவோர் அழுத்தமானியின் அளவுடன், அக்குளத்தின் வாயில் யாருக்குத் திறந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.