எத்தனை அடி நிக்குது?

கார்த்திகை மாதம் பாகூர் ஏரிக்கரையில் நின்று பாருங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர்தான். புதுசாக வந்தவர், ‘‘அடேயப்பா, இந்த வருஷம் கவலையே இல்லை!’’ என்பார். ஊர்ப் பெரியவரோ சிரிப்பார். ‘‘பரப்பைப் பார்த்து ஏமாறாதீங்க தம்பி. அடியில வண்டல் எவ்வளவு கிடக்கோ! மதகுகிட்ட எத்தனை அடி நிக்குதுன்னு பாருங்க.’’

இதே சிக்கலில் ஒரு காலத்தில் இந்தியாவே மாட்டிக்கொண்டது. ஏரி விஷயத்தில் அல்ல... இமயமலைப் பனி விஷயத்தில்!

1876-78. தாது வருஷப் பஞ்சம். பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த பாகூரையும் வில்லியனூரையும் சுற்றி வளைத்திருந்த சென்னை மாகாணம் சுருண்டு விழுந்தது. இந்தியா முழுக்கச் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். ‘அடுத்த பஞ்சம் எப்போ? முன்கூட்டியே சொல்ல முடியுமா?’ என்ற கேள்வி எழுந்தது. பதில் சொல்லவேண்டியவர், 1875-ல் தொடங்கிய வானிலைத் துறையின் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு.

அவர் ஒரு யூகம் சொன்னார். இமயத்தில் பனி அதிகமாக விழுந்தால், வெயிலின் சூடெல்லாம் அதை உருக்கவே செலவாகிவிடும். நிலம் காயாது. பருவக்காற்று சுணங்கும். 1884-ல் இதை எழுதினார். 1886 ஜூன் 4-ல் இந்தியாவின் முதல் பருவமழை முன்னறிவிப்பும் வந்தது.

சரி, பனியை யார் அளந்தார்கள்? அங்கேதான் ஓட்டை! முறையான அளவு கிடையாது. மலைப்பக்கமிருந்து வந்த தகவல்களை வைத்து ஒரு மதிப்பு போட்டார்கள். 1899-ல் அடுத்த தலைவர் ஜான் எலியட், வேறு சில குறிகளையும் சேர்த்துப் பார்த்து ‘மழை நன்றாகப் பெய்யும்’ என்றார். வந்ததோ கொடும் வறட்சி.

பனியை ஒழுங்காக அளக்க வழி சொன்னவர் ஒரு லத்தீன் வாத்தியார்! அமெரிக்காவில் நெவாடா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் சர்ச். ஒரு நீளமான குழாயைப் பனியில் தரைவரை குத்தினார். ஆழம் தெரிந்தது. குழாயைப் பனியோடு நிறுத்தார். உருகினால் எவ்வளவு தண்ணீர் என்பதும் தெரிந்தது. அதை வைத்தே தாஹோ ஏரி எவ்வளவு உயரும் என்று முன்கூட்டிச் சொன்னார். 1947-ல் இமயப் பனியை அளக்க வழிசொல்ல இந்தியாவுக்கும் வந்தார்.

ஆனால் இமயம் முழுக்கக் குழாய் குத்த முடியுமா? செயற்கைக்கோள் வந்தது. 1976-ல் ஹான், சுக்லா என்ற இரு விஞ்ஞானிகள் அந்தப் படங்களை ஆராய்ந்து, ஐரோப்பா, ஆசியாவில் பனி பரந்து கிடந்த வருஷங்களில் இந்திய மழை குறைந்ததாகக் காட்டினார்கள். அதுவும் பரப்புதான், ஆழம் அல்ல!

1978-ல் பறந்த நிம்பஸ்-7 ஆழத்தையும் தேடியது. தரை எப்போதும் மெல்லிய நுண்ணலைகளை வெளிவிடுகிறது. பனித்துகள்கள் அவற்றைச் சிதறடிக்கும். பனி தடிக்கத் தடிக்க, மேலே வந்து சேரும் அலை குறையும். அந்தக் குறைவை வைத்து ஆழத்தைக் கணக்கிடலாம். ஆனால் பனி ஈரமானாலோ, ரொம்ப ஆழமானாலோ கணக்கு தப்பும். மலைப்பகுதியில் இன்னும் கஷ்டம். அதனால் இன்று தரைக்கருவி, செயற்கைக்கோள், கம்ப்யூட்டர் கணிப்பு மூன்றையும் ஒன்றோடொன்று ஒத்துப்பார்க்கிறார்கள்.

‘பாகூருக்கும் இமயத்துக்கும் என்ன உறவு?’ என்று கேட்பீர்கள். இங்கே ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிசு, உண்மை. ஆனால் ஏரியை நிரப்பும் பங்காரு வாய்க்கால் பிரிவது தென்பெண்ணையில். அது பிறப்பது கர்நாடகத்தின் நந்தி மலையில். அங்கே தென்மேற்குப் பருவமழை பொய்த்தால், அதன் வலி இந்த மதகு வரை வரும்.

விண்ணிலிருந்து பார்க்கும் விஞ்ஞானி கடைசியில் கேட்பதும் ஏரிக்கரைப் பெரியவர் கேட்ட அதே கேள்விதான்: ‘‘பரப்பு இருக்கட்டும்... எத்தனை அடி நிக்குது?’’