பழக்கமே மருந்து: தோட்டப்புற நலவாழ்வின் வரலாறு

தெலுக் இந்தானுக்கு வருவோர் முதலில் காண விழைவது சாய்ந்த கோபுரத்தையே. 1885-ஆம் ஆண்டில் லியோங் சூன் சோங் என்னும் சீன ஒப்பந்தக்காரர் அதனைக் கட்டினார். அடியில் இருப்பது மென்மையான மண். மேலே இருந்ததோ பெரும் நீர்ப்பாரம். ஆகவே கோபுரம் சாய்ந்தது. நீர்ப்பாரம் எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் வியப்புடன் கேட்பதுண்டு. மணிக்கூண்டாக நாம் அறிந்துள்ள அக்கோபுரம் அந்நாளில் ஊருக்குத் தண்ணீர்த் தொட்டியாகவும் விளங்கியது. கடிகாரத்தைக் கண்டவர் பலர். தண்ணீரை எண்ணியவர் சிலர்.

நம் சமுதாயத்தின் நலவாழ்வு வரலாறும் இத்தகையதே. மருத்துவமனைகளும் சட்டங்களும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால், உயிர்களைக் காத்தவற்றுள் பெரும்பகுதி அன்றாடச் சிறு பழக்கங்களே என்பது எளிதில் மறந்துவிடுகிறது. அவ்வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்ப்பது இன்றைய ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தரும்.

தீவில் நின்ற கட்டளை

நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிய நம் முன்னோருள் பலர், பினாங்கை அடைந்தவுடன் நேரே தோட்டத்திற்குச் சென்றுவிடவில்லை. அருகிலுள்ள ஜெரஜாக் தீவின் தொற்றுத்தடை நிலையத்தில் இறக்கப்பட்டனர். உடலும் உடையும் தூய்மை செய்யப்பட்டன, அம்மை குத்தப்பட்டது, நாள்கள் எண்ணப்பட்டன, அதன் பின்னரே அவர்கள் அனுப்பப்பட்டனர். புதிய நாட்டில் அவர்கள் பெற்ற முதல் நலப்பாடம் அது. எனினும், அங்கு நடந்தவை யாவும் பிறர் செய்வித்தவையே. கட்டளை தீவோடு நின்றது; நோய் தோட்டத்தில் காத்திருந்தது.

பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 1911-ஆம் ஆண்டில் இருந்த தொழிலாளர் 1,43,614 பேர். அவ்வோராண்டில் மட்டும் மடிந்தோர் 9,040 பேர். ஆயிரவருக்கு ஏறத்தாழ 63 பேர்! இரப்பர் செழித்த மண்ணுக்கு நம்மவர் கொடுத்த விலை இது.

வாரத்திற்கு ஒரு நாள்

மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதற்கான சான்றை 1897-இல் இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். அவ்வுண்மையை இந்நாட்டில் செயலாக்கியவர் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர். அவர் 1901-இல் கிள்ளானில் பொறுப்பேற்றார். இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் துறைமுகம் அவ்வாண்டில்தான் திறக்கப்பட்டிருந்தது; காய்ச்சலோ அதனை மூடிவிடும் நிலைக்குக் கொண்டு வந்தது. சதுப்பு நிலம் வடிக்கப்பட்டது; சுற்றியிருந்த காடு திருத்தப்பட்டது. கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901-இல் காய்ச்சலால் இறந்தவர் 368 பேர். மறு ஆண்டில் 59 பேர்.

கீழ்ப் பேராக்கும் கிள்ளானைப் போன்ற கரையோரத் தாழ்நிலமே. இத்தகைய நிலத்தில் நோயைப் பரப்பிய கொசு, நிழல் படர்ந்த சதுப்பு நீரில் வளர்வது. ஆகவே, காட்டைத் திருத்திக் கான் வெட்டினால் அது குறைந்தது. மலைப்பாங்கான தோட்டங்களிலோ நிலைமை நேர்மாறானது. அங்கிருந்த கொசு வெயில் படும் தெளிந்த ஓடையை விரும்புவது; காட்டை அழிக்க அழிக்க அது பெருகியது. ஓரிடத்தின் மருந்து மற்றோரிடத்தில் நஞ்சாயிற்று. ஊரறிந்து, நீரறிந்து செய்ய வேண்டும் என்பதை வாட்சன் தம் பட்டறிவால் உணர்ந்தார்.

அவ்வோடைகளுக்கு நிலத்தடிக் குழாய்களும் எண்ணெய் தெளித்தலும் துணையாயின. எண்ணெய்ப் படலம் நீரின் மேல் பரவினால் கூத்தாடிப் புழு மூச்சு விட இயலாது மடியும். முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஒரு வாரத்திற்கு மேல் ஆகும். ஆதலின், வாரம் ஒரு முறை தெளித்தால் போதும். ஆனால் வாரந்தோறும் தெளிக்க வேண்டும். ஒரு வாரம் தவறினால் அதற்கு முன் பட்ட பாடு பாழாகும். எண்ணெய்க் கலனைச் சுமந்து ஓடையோரம் நடந்த தொழிலாளியின் பெயரை எந்த வரலாற்று நூலும் எழுதி வைக்கவில்லை. ஆயினும், வாட்சனின் அறிவு அவருடைய தோளில் ஏறித்தான் தோட்டத்திற்குள் வந்தது.

இம்முயற்சிகள் யாவும் கருணையால் மட்டும் விளைந்தவை என்று எண்ணுதல் பேதைமை. தொழிலாளி பாயில் படுத்தால் மரத்தில் பால் வடியாது என்பதைத் துரைமார் அறிந்திருந்தனர். நோக்கம் எதுவாயினும், பயன் நம் மக்களுக்கும் கிட்டியது. 2018-ஆம் ஆண்டில் மனிதரிடையே கொசுவால் பரவும் மலேரியா மலேசியாவில் உள்நாட்டில் எவருக்கும் தொற்றவில்லை. குரங்கிலிருந்து வரும் வகை மட்டுமே தொடர்கிறது.

கால் கழுவிய பின் வீடு

மலேரியாவுக்கு அடுத்த பகை கொக்கிப்புழு. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறநிறுவனத்தின் சார்பில் சாமுவேல் டார்லிங் தலைமையில் ஒரு குழு மலாயாவிலும் சாவாவிலும் பிஜித் தீவுகளிலும் இந்நோயை ஆராய்ந்தது. மலத்தோடு வெளியேறும் முட்டை ஈரமண்ணில் பொரிக்கும். புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலில் ஏறும். குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும். மருந்து கொடுத்தால் புழு வெளியேறும். மறுநாளே வெறுங்காலுடன் அதே மண்ணில் நடந்தால் மீண்டும் ஏறும். மருந்து ஒரு நாளுக்கு. கழிப்பிடமும் காலணியும் வாழ்நாளுக்கு.

எழுபதுகளில் தோட்ட லயத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் பாட்டிக்கு எழுத்தறிவு இல்லை. கொக்கிப்புழு என்னும் பெயரும் தெரியாது. ஆனால், கால் கழுவாமல் எவரும் வாசற்படி ஏற அவர் விட்டதில்லை. கிராணியின் பிள்ளையே விளையாட வந்தாலும் சட்டம் ஒன்றுதான். தோட்டத்து டிரசர் சொன்னதைப் பலர் அன்றே மறந்தனர். பாட்டி சொன்னதை நான் இன்னும் கைவிடவில்லை. அறிவுரை வீட்டு வழக்கமாக மாறும்போதுதான் வேர் பிடிக்கிறது.

புழுங்கலரிசி புகட்டிய பாடம்

மற்றொரு சான்று இதனினும் வியப்புக்குரியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கால்களைச் செயலிழக்கச் செய்து இதயத்தைத் தாக்கும் பெரிபெரி நோய் மலாயாவில் சீனத் தொழிலாளரைக் கொன்று குவித்தது. அருகிலேயே வாழ்ந்த தமிழரை அது பெரும்பாலும் தீண்டவில்லை. சீனர் உண்டது தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. இவ்வேறுபாட்டை நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினார். 1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி ஆராய்ந்தார். பச்சரிசி உண்டோருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்டோருள் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

காரணம் பின்னர்த் தெளிவாயிற்று. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. தீட்டினாலும் முற்றும் போவதில்லை. நம் முன்னோர் இதனை அறிந்து செய்தனர் என்று நான் பெருமை பேச மாட்டேன். சுவையும் சேமிப்பும் கருதியே அவர்கள் நெல்லை அவித்தனர். காரணம் அறியாத போதும் பழக்கம் காத்தது என்பதே இங்கு நாம் கற்கும் பாடம்.

மக்களே எடுத்த முடிவு

காக்கும் பழக்கம் இருப்பது போலவே கெடுக்கும் பழக்கமும் உண்டு. தோட்டந்தோறும் கள்ளுக்கடை இருந்தது. வாங்கிய கூலி அங்கேயே கரைந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தனர். போருக்குப் பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. 1947-இல் காவலருடன் மோதல் மூண்டது, இயக்கம் ஒடுக்கப்பட்டது. எனினும், தம் உடலைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் தொழிலாளரிடையே பிறந்துவிட்டது. தீவில் பிறர் இட்ட கட்டளைக்கும், மக்கள் தாமே எழுப்பிய இக்குரலுக்கும் இடையிலுள்ள தொலைவே நம் சமுதாயம் கடந்து வந்த வழி.

இன்றைய பகை

இன்று தோட்டங்களை விட்டுப் பெரும்பாலோர் நகர்ப்புறம் வந்துவிட்டோம். கொசுவும் புழுவும் கொன்ற காலம் போயிற்று. இனிப்பு நீர் கொல்லும் காலம் வந்துள்ளது. 2019-ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி, மலேசியாவில் பதினெட்டு வயதைக் கடந்தவர்களுள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியருள் அது நூற்றுக்கு 31.4! அதாவது, மூவருள் ஏறத்தாழ ஒருவர்.

இதற்குக் காரணங்கள் பல; அவற்றுள் பரம்பரையும் ஒன்று. ஆனால் நம் கையில் உள்ள காரணத்தை நாம் மறைத்தல் ஆகாது. நம் பாட்டனார் விடியுமுன் பிரட்டுக்கு எழுந்து, நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களிடையே நடந்தார். அவ்வுழைப்புக்கு ஏற்பச் சோறு உண்டார். நாம் அவருடைய நடையை விட்டோம். சோற்றின் அளவை விடவில்லை. போதாதென்று கெட்டிப்பால் கலந்த தேநீரை வேளைதோறும் சேர்த்துக்கொண்டோம். முன்னுண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்ண வேண்டும் என்பதை வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்திலேயே வைத்தார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கே என் தவறு ஒன்றையும் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், காலைச் சபைகூடலுக்கு முன் மாணவர் அனைவரும் திடலை இரு முறை சுற்றி நடக்க வேண்டும் என்று தலைமையாசிரியன் என்ற முறையில் ஆணையிட்டேன். இரு வாரம் நடந்தனர். மூன்றாம் வாரம் மழை. நான்காம் வாரம் எவருக்கும் நினைவில்லை, எனக்கும் இல்லை. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி வந்து, “ஐயா, நாங்களே கணக்கு எழுதிப் பார்க்கட்டுமா?” என்று கேட்டாள். ஒரு குறிப்பேட்டை அவளிடம் கொடுத்தேன். அவர்கள் ஒரே ஒரு சுற்றுத்தான் வைத்துக்கொண்டனர். மழை நாள்களில் நடைகூடத்தில் நடந்தனர். ஆண்டு முடியும்வரை அது நிற்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் கற்காத பாடத்தை அன்று என் மாணவி கற்பித்தாள்.

ஆசிரியப் பெருமக்களே, நலக்கல்வியைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சீனி குறைந்த ஒரு குவளைத் தேநீர், உணவுக்குப் பின் ஒரு சிறு நடை, ஆண்டுக்கொரு முறை குருதிச் சோதனை: இவை எளியவை. எளியவையாதலால்தான் இவற்றை நாள் தவறாமல் செய்ய இயலும். அன்று எண்ணெய்க் கலனுடன் ஓடையோரம் நடந்த அந்தப் பெயரறியாத் தொழிலாளி ஒரு வாரமும் தவறாததால் பலர் பிழைத்தனர். அவருடைய வழித்தோன்றல்களாகிய நாம், நம் உடலுக்காகவேனும் ஒரு நாளும் தவறாதிருப்போமாக.