சேர்வராயன் மலையும் ஒரு பறவையின் கண் நிறமும்

சேர்வராயன் மலைப் பறவைகளைப் பற்றித் தேடினால் வெர்னே ஆய்வு என்ற பெயர் கட்டாயம் கண்ணில் படும். நியூயார்க்கில் பழம்பொருள் வணிகம் செய்த ஆர்தர் வெர்னே பணம் கொடுக்க, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கிழக்குத் தொடர்ச்சி மலையில் 1929இல் தொடங்கிய கணக்கெடுப்பு அது. சேர்வராயன், சித்தேரி மலைகளில் ஏறி இறங்கிப் பறவைகளைச் சேகரித்தவர் கழகத்தின் பணியாளர் லாபர்சன். அறிக்கை எழுதியவர்கள் இங்கிலாந்தில் இருந்த ஹியூ விஸ்லரும் நார்மன் கின்னியரும். 1930 முதல் 1937 வரை கழகத்தின் இதழில் அது தொடராக வந்தது.

மலையைப் பார்த்தவர் ஒருவர், எழுதியவர்கள் வேறு. நடுவில் பாலமாக இருந்தது களக்குறிப்புதான். பறவையின் தோல் பெட்டியில் கப்பலேறிவிடும். கண் நிறம் ஏறாது. தோலை உரித்துப் பஞ்சு அடைத்தபின் கண் ஏது? அலகு, கால் நிறங்களும் மங்கிவிடும். சுட்ட அன்றே குறித்து வைத்தால்தான் உண்டு. இது சின்ன விஷயம் இல்லை. நம் கடற்கரைக்குக் குளிர்காலத்தில் வரும் கடற்காகங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த பழுப்புத்தலைக் கடற்காகத்துக்குக் கண் வெளிர் நிறம், கருந்தலைக் கடற்காகத்துக்குக் கரு நிறம். தலை நிறம் மாறிவிடும் குளிர்காலத்தில் இரண்டையும் பிரிக்க இதுவும் ஓர் அடையாளம்.

குறிப்பு தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹியூமே சாட்சி. ஆமாம், காங்கிரஸைத் தொடங்கிய அதே ஏ. ஓ. ஹியூம்தான். பல ஆண்டுகள் எழுதிச் சேர்த்த பறவைக் கையெழுத்துப் பிரதிகளை 1880களில் அவரது வேலையாள் ஒருவர் சிம்லா கடைத்தெருவில் பழைய பேப்பராக எடைக்குப் போட்டுவிட்டார். அவர் சேர்த்த தோல்களும் முட்டைகளும், சுமார் 82,000, லண்டன் அருங்காட்சியகத்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. எழுத்துதான் போயிற்று.

தப்பிய கையெழுத்துகளைத் தன்னார்வலர்கள் இப்போது தட்டச்சு செய்கிறார்கள். அமெரிக்காவில் 1881 முதல் 1970 வரை சேர்ந்த வலசைக் குறிப்பு அட்டைகள் சுமார் 60 லட்சம். அவற்றைத் தட்டச்சு செய்த திட்டத்தில் ஒரே அட்டையை இருவர் தனித்தனியாக அடித்தார்கள், ஒத்துப்போனால்தான் ஏற்பு.

இந்திய அட்டைகள் திரைக்கு வரும்போது ஊர் தெரிந்த கண் வேண்டும். கிறுக்கலான கையெழுத்தில் ‘சித்தேரி’ என்று இருப்பதை வெளிநாட்டுக்காரர் எழுத்து எழுத்தாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். சேலத்துக்காரருக்கு ஒரு பார்வை போதும்.